பிள்ளை இரவில் எழும்புவது பால் காணாததால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

"பிள்ளை ராவில நித்திரை கொள்ளுதில்லை, பால் காணாதாக்கும்." வன்னியில் பிள்ளை பிறந்த வீட்டுப் படலையைத் திறந்தால் முதல் கிழமைக்குள் காதில் விழுகிற பேச்சு இது. அம்மம்மா சொல்வா, மாமி சொல்வா, பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியும் சொல்வா. நாலாம் தரம் கேட்கும்போது தாயும் நம்பிவிடுவாள். அடுத்த நாள் தகப்பன் சந்திக் கடையில் பால்மாப் பேணியும் போத்தலும் வாங்கி மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வருவார். தாய்ப்பால் உண்மையாகவே குறையத் தொடங்குவது பெரும்பாலும் அந்தப் பேணி வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

பிறந்த பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலம் வரை நித்திரை கொள்ளும். கூட்டிப் பார்த்தால் கனக்கத்தான். ஆனால் அது ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், மிஞ்சினால் மூன்று என்று துண்டு துண்டாகப் பகலிலும் இரவிலும் சிதறிக் கிடக்கும். "பகல் இரவு மாறிப் பிறந்த பிள்ளை" என்று சொல்வோம். மாறிப் பிறக்கவில்லை, பகல், இரவு என்று இரண்டு இருப்பதே அதற்கு இன்னும் தெரியாது. வயிற்றுக்குள் இருந்தபோது தாய் நடமாடும் பகலில் ஆட்டத்தில் உறங்கி, தாய் படுத்த பிறகு உதைத்து விளையாடிய பிள்ளை, வெளியே வந்தும் சில கிழமைக்கு அதே பழக்கத்தில்தான் இருக்கும். அதன் உடம்பு பகல் இரவைப் பிரித்தறிய இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

அடுத்தது வயிறு. முதல் நாள் ஒரு தரத்துக்கு வருகிற கடும்புப்பால் ஒரு தேக்கரண்டி அளவுதான், சில வேளை அதிலும் கொஞ்சம் கூட. அதுவே அந்த வயிற்றுக்குப் போதும். ஒரு கிழமையில் ஒரு தரத்துக்கு 45 முதல் 60 மில்லிலீற்றர் வரை கொள்ளும். தாய்ப்பால் கெதியாகச் செமித்துவிடும், ஒன்றரை இரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை மறுபடி வாயைத் திறக்கும். இப்படி ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம். பத்துத் தரம் என்று வைத்தாலும், இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் மூன்று தரமாவது எழும்பத்தான் வேண்டும். இரண்டு மூன்று கிழமைப் பிள்ளை சாமம் முழுக்க அசையாமல் கிடக்கிறது என்றால் பெருமைப்படுவதற்கு முன் நிறையைப் பார்க்க வேண்டும்.

பாலைச் சுரக்க வைக்கும் புரோலக்டின் என்ற ஓமோன் இரவில் பிள்ளை சூப்பும்போது கூடுதலாக ஊறும். முதல் சில கிழமைகளில் பிள்ளை எத்தனை தரம் பாலை எடுக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் மார்பு பால் தயாரிக்கப் பழகும். சாமத்தில் அம்மம்மா போத்தலைக் கொடுத்துத் தாயை உறங்க விட்டால் அந்த இரவு நிம்மதிதான். விடியப்புறம் மார்பு கல்லுப்போல இறுகியிருக்கும். நிறைந்து நிற்கிற மார்பு "இவ்வளவு தேவையில்லை" என்று தானே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். கட்டியிருக்கிற மார்பில் காம்பும் தட்டையாகிப் பிள்ளை சரியாகப் பிடிக்காது. பத்துப் பதினைந்து நாளில் பால் நிசமாகவே காணாது. முதல் நாள் பொய்யாகச் சொன்ன வார்த்தை இரண்டாம் கிழமை உண்மையாகிவிடும். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவும் ஆள் இருக்கும்.

இரவுப் பாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, இதை யாரும் திறந்து பேசுவதில்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்க்கு மாதவிடாய் திரும்பவில்லை, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை, இரண்டு பாலூட்டலுக்கிடையில் பகலில் நாலு மணித்தியாலத்துக்கும் இரவில் ஆறு மணித்தியாலத்துக்கும் மேல் இடைவெளி இல்லை என்றால், அடுத்த கர்ப்பம் தங்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டிலும் குறைவு. இதில் ஒன்று தவறினாலும் அந்தக் காப்பு போய்விடும். இரவில் போத்தலுக்கு மாறியவர்கள் கையோடு கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் கதைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னேரத்துக்கு வருவோம். ஐந்து மணி தொடக்கம் பத்து மணி மட்டும் சில பிள்ளைகள் மார்பை விட்டு இறங்காது. இருபது நிமிடம் குடிக்கும், பத்து நிமிடம் கண்ணயரும், மறுபடி கத்தும். அந்த நேரம் மார்பு தளர்வாக இருப்பதால் தாய் "வத்திப்போச்சு" என்று நினைப்பாள். பால் வற்றவில்லை. நீண்ட நித்திரைக்கு முன் பிள்ளை அடிக்கடி குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. பின்னேர அழுகை ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். நாவூறு கழித்த மறுநாள் அழுகை குறைந்தால் கழித்தவருக்கே பெயர் போகட்டும், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் அழுகையை நிறுத்தப் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கவே கூடாது. கழுத்து தாங்காத வயதில் ஒரு குலுக்கே மூளைக்குள் இரத்தம் கசியப் போதும். பொறுமை போய்விட்டால் பிள்ளையை மல்லாக்கப் பாயில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் முற்றத்துக்குப் போங்கள்.

சாமம் இரண்டு மணி. பாயில் பிள்ளை முனகுகிறது, நெளிகிறது, முகத்தைச் சுளிக்கிறது, ஒரு சின்னச் சிரிப்பு, பிறகு ஒரு கீச்சுச் சத்தம். மூச்சு கொஞ்சம் வேகமாகப் போய், ஐந்தாறு செக்கன் நின்று, மறுபடி ஓடுகிறது. பார்க்கிறவர்கள் பதறித் தூக்கிவிடுவார்கள். பிள்ளை எழும்பவில்லை, உறக்கத்தில்தான் இருந்தது. பிறந்த பிள்ளையின் நித்திரையில் கிட்டத்தட்டப் பாதி இப்படி அசைகிற நித்திரைதான். ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒரு சுற்று முடியும். கை வைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பல தடவை தானாகவே ஆழ்ந்துவிடும். தலையைத் திருப்பி வாயைத் தேடுவது, நாக்கை நீட்டுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, இவைதான் பசியின் முதல் அடையாளம். வீரிட்டு அழுவது கடைசி அடையாளம். அந்த அளவுக்கு விட்டால் பிள்ளை ஆத்திரத்தில் காம்பைப் பிடிக்காது, முதலில் ஆற்றித்தான் கொடுக்க வேண்டிவரும்.

அப்படியானால் பால் காணுமா காணாதா என்று எதை வைத்துச் சொல்வது? நித்திரையை வைத்து அல்ல, அழுகையை வைத்தும் அல்ல. நப்பியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தரம், இரண்டாம் நாள் இரண்டு தரம், மூன்றாம் நாள் மூன்று தரம் சலம் போனால் காணும். ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் ஆறு தரத்துக்குக் குறையக் கூடாது, நிறம் வெளிறியிருக்க வேண்டும். பம்பர்ஸ் கட்டினால் எத்தனை தரம் என்று தெரியாது. முதல் இரண்டு கிழமை பழைய பருத்தி வேட்டித் துண்டுதான் நல்லது, காசும் மிச்சம். மலம் முதலில் கீல்போலக் கறுப்பாகவும், மூன்றாம் நாளளவில் பச்சையாகவும், ஐந்தாம் நாளுக்குள் கடுகு மஞ்சளாகவும் மாற வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே போனால் பால் உள்ளே போவது குறைவு.

நிறையும் அப்படியே. முதல் சில நாளில் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் நிறை இழக்கும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை நாலாம் நாள் 2.8 கிலோ நின்றால் பயமில்லை, 2.7க்கு இறங்கினால், அதாவது பத்து வீதம், அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்கு வந்துவிட வேண்டும். பிறகு கிழமைக்கு 150 முதல் 200 கிராம் ஏறும். கிளினிக் கொப்பியில் அந்தக் கோடு மேல்நோக்கிப் போகிற வரைக்கும் மாமி என்ன சொன்னாலும் பால் காணும். நிறுக்கும்போது உடுப்பு, நப்பி எல்லாவற்றையும் கழற்றி, ஒரே தராசில் நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஈர நப்பியோடு நிறுத்தால் நூறு கிராம் பொய்யாகக் கூடும்.

இதில் ஆபத்தானது எழும்புகிற பிள்ளை அல்ல. எழும்பாத பிள்ளைதான். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தது, நாள் முந்திப் பிறந்தது, மஞ்சள் ஏறியது, இந்தப் பிள்ளைகள் பசித்தாலும் அழாது, சோர்ந்து உறங்கும். "நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்று வீடே மெச்சும்போது உள்ளே சீனி அளவு இறங்கிக்கொண்டிருக்கும். பிறந்த நிறை திரும்பி வருகிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பகலில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல், இரவில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பாலில்லாமல் விடாதீர்கள். சிறிய பிள்ளை என்றால் இரவும் பகலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று மணித்தியாலம்தான். அலாரம் வையுங்கள்.

எழுப்புவதற்கும் முறை இருக்கிறது. கன்னத்தில் தட்டினால் எழும்பாது. சுற்றிய துணியை அவிழுங்கள், நப்பியைக் கழற்றுங்கள், வெறும் உடம்போடு தாயின் நெஞ்சில் நிமிர்த்திக் கிடத்துங்கள். உள்ளங்காலைப் பெருவிரலால் உரசுங்கள், முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். இரண்டு சொட்டுப் பாலைப் பிதுக்கி உதட்டில் பூசுங்கள். குடிக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மறுபடி கண்மூடினால் மார்பை மெல்ல அமத்திப் பால் ஓட விடுங்கள், விழுங்கும் சத்தம் கேட்கும். அதுவும் நின்றால் ஏவறை எடுத்து, நப்பி மாற்றி, மற்ற மார்பில் போடுங்கள். இவ்வளவு செய்தும் குடிக்காவிட்டால் பாலைக் கையால் பிதுக்கிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்துக் கரண்டியால் கொடுத்தபடி வைத்தியசாலைக்குக் கிளம்ப வேண்டும்.

மஞ்சள் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் மூன்றாம் நாள் முகத்தில் தொடங்கி, ஐந்தாம் நாளளவில் கூடிக் குறைவது வழமை. பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் இறங்கினாலோ, பிள்ளை குடிக்காமல் உறங்கினாலோ காலம் கடத்தக் கூடாது. காலை வெயிலில் பிடிப்பது மருந்து அல்ல. வைத்தியசாலை நீல வெளிச்சம் செய்கிற வேலையை அது செய்யாது, வன்னி வெயிலில் தோல்தான் வேகும். அடிக்கடி பால் குடித்து மலம் போனால்தான் அந்த மஞ்சள் வெளியேறும். சீனித் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிரம்பும், மஞ்சள் போகாது.

தண்ணீர் என்று சொன்னதும் நினைவுக்கு வருவது கச்சான் காற்றுக் காலம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் நிற்க முடியாது, "எங்களுக்கே நா வறளுது, பிள்ளைக்கு ஒரு கரண்டி கொதித்தாறின தண்ணி குடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். வெக்கையில் பிள்ளை அடிக்கடி குறுகிய நேரம் குடிக்கும், அதுவே அதன் தண்ணீர். தண்ணீர் கொடுத்தால் அந்த அளவுக்குப் பால் குறையும், வயிற்றோட்டமும் வரும். தாய்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். "வயிறு பெருக்கும்" என்று பிள்ளைப்பெத்தவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற பத்தியம் இந்த வெக்கைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தரம் பாலூட்டும்போதும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். சரக்குக் கறியும் முருங்கையிலையும் பால்சுறா வறையும் தாராளமாகச் சாப்பிடலாம், அதில் சண்டையில்லை.

கோரோசனை, வசம்பு, தேன், கிரைப் வோட்டர் இவை எதுவும் ஆறு மாதம் வரை வாயில் வைக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் வேண்டவே வேண்டாம்: அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை சிறு பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும். பிஸ்கட்டையோ மாவையோ போத்தலில் கரைத்துக் கொடுத்தால் நீண்டநேரம் உறங்கும் என்பதும் வெறும் நம்பிக்கைதான், புரையேறுவதுதான் மிச்சம்.

இரவில் கொடுக்கும் விதம். தாய் பக்கவாட்டில் படுக்க வேண்டும், முதுகுக்கு ஒரு தலையணை அண்டை கொடுத்தால் இடுப்பு நோகாது. பிள்ளையையும் பக்கவாட்டில், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட, மூக்கு காம்புக்கு நேரே வரக் கிடத்துங்கள். வாயை அகலத் திறக்கும்போது முதுகில் கை வைத்து நெருக்கினால் நாடி மார்பில் முட்டும், கீழுதடு வெளியே மடியும், கறுப்பு வட்டம் மேலே கூடவும் கீழே குறையவும் தெரியும். காம்பு நொந்தால் பிடி பிழை. சின்னிவிரலைக் கடைவாயில் விட்டு எடுத்து மறுபடி பிடிக்க வையுங்கள். "படுத்துக் குடுத்தால் காதுக்குள்ள பால் போகும்" என்பது மல்லாக்கக் கிடத்திப் போத்தலைத் திணிப்பதற்குத்தான் பொருந்தும். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். போனை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம், கொஞ்ச வேண்டாம். மலம் போகாவிட்டால் நப்பி மாற்றக்கூடத் தேவையில்லை. பகலில் சன்னலைத் திறந்து, வழமையான சத்தங்களோடு, கதைத்துக் கதைத்துக் கொடுங்கள். இரவையும் பகலையும் பிள்ளை பழகுவது இந்த வித்தியாசத்தில்தான். ஏவறை வராவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். தாய்ப்பால் குடித்த பிள்ளைக்குக் காற்று அவ்வளவாக ஏறாது.

குடித்து முடிந்ததும் மல்லாக்க, தட்டையான இறுக்கமான படுக்கையில், தாயின் அறையிலேயே கிடத்த வேண்டும். குப்புறவும் வேண்டாம், பக்கவாட்டிலும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். ஏணையைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பகலில், கண் முன்னால், கொஞ்ச நேரம் ஆட்டுவது வேறு. இரவு முழுக்கச் சீலை ஏணையில் விடும்போது பிள்ளை வளைந்து, நாடி நெஞ்சில் குத்தி, மூச்சுக்குழல் மடங்கலாம். இருட்டில் யாருக்கும் தெரியாது. ஒரே பாயில் படுக்கிறவர்கள், தகப்பன் குடித்திருந்தாலோ வீட்டில் யாராவது புகைப்பவர்களாக இருந்தாலோ, பிள்ளை நாள் முந்தியோ நிறை குறைந்தோ பிறந்திருந்தாலோ, பிள்ளைக்குத் தனிப் பாய் போடுங்கள். கதிரையில் சாய்ந்தபடி பிள்ளையை நெஞ்சில் வைத்து உறங்கிப்போவது எல்லாவற்றிலும் ஆபத்து. நுளம்புக்கு வலைதான், சுருளும் வேப்பிலைப் புகையும் சாம்பிராணியும் பிள்ளை படுக்கிற அறைக்குள் வேண்டாம். தொப்பியும் கம்பளியும் கச்சானுக்கு உடுப்பல்ல. பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

மருத்துவக் காரணத்தால் வைத்தியரே பால்மா எழுதித் தந்தால் அதைச் சரியாகக் கரைக்க வேண்டும்: கொதித்து அரை மணித்தியாலத்துக்குள், இன்னும் சுடுகிற தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு பேணிக்குள் இருக்கிற கரண்டியால் தட்டையாக வழித்த மா, பேணியில் எழுதிய அளவுக்கு; கொடுக்குமுன் ஆற வைத்து மணிக்கட்டில் சொட்டிப் பாருங்கள். 2022க்குப் பிறகு விலை ஏறியதில் ஒரு கரண்டி மாவை இரண்டு பங்கு தண்ணீரில் நீட்டுகிற வீடுகள் உண்டு. அது பிள்ளையைப் பட்டினி போடுவது. கூடப் போட்டாலும் கெடுதி, மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும்.

குடும்பத்தாரிடம் கேட்பது இதுதான். இரவுப் பாலைத் தாயிடமிருந்து பிடுங்காதீர்கள். மற்ற வேலைகளைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். நப்பி மாற்றுவதும் ஏவறை எடுப்பதும் கிடத்துவதும் தகப்பனால் முடியும். காலைப் பாலுக்குப் பிறகு அம்மம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனால் தாய்க்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கூடைக்குள் சூப்பியும் போத்தலும் வைத்துக் கொண்டுவருவதை விட்டு ஒரு நுளம்பு வலையோ நாலு பருத்தித் துண்டோ கொண்டுவரலாம். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்த 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் விதிக்கோவை வந்தது. அதை ஒட்டி இலங்கைக்கும் ஒரு கோவை உண்டு. பரிசுக் கூடைக்கு எந்தக் கோவையும் இல்லை. தாய் இரண்டு கிழமைக்கு மேலாக அழுதுகொண்டே இருந்தாலோ, பிள்ளை உறங்கும்போதும் அவளால் உறங்க முடியாவிட்டாலோ அதைச் சோம்பல் என்று சொல்லாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, பாலூட்டல் பேச்சையெல்லாம் நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்: பிள்ளை குடிக்கவே மறுப்பது, வலிப்பு, தொட்டால் மட்டும் அசைவது, அசையாமலே கிடப்பது, நெஞ்சு குழிவிழ மூச்சு இழுப்பது, முழு நிமிடம் எண்ணி மூச்சு 60 அல்லது அதற்கு மேல், உதடு நீலமாவது, கக்கத்தில் வைத்த வெப்பமானி 37.5க்கு மேலோ 35.5க்குக் கீழோ காட்டுவது, தொப்புளைச் சுற்றிச் சிவப்பது. துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் உட்புறங்களிலிருந்து இரவில் வாகனம் தேடி நேரத்தை வீணாக்காமல் 1990க்கு எடுங்கள், இலவச அம்புலன்ஸ். தாயும் கூடவே ஏற வேண்டும். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் பட அணைத்து, மேலே துணியால் மூடிக்கொண்டு போனால் வழியில் உடம்பு குளிராது. கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம். அதன் மட்டையில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை இன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். சாமத்தில் கண்ணாடி தேட நேரமிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்கள் இருவர்,
கிளிநொச்சி.